இந்த ஃபைலை வேணி திறந்து வைத்திருக்கிறார்

தம்பி, கொஞ்சம் அந்தப் பக்கமா தள்ளி உக்காருங்க. உங்க தலை செவுத்துப் போஸ்டரை மறைக்கு. இல்ல இல்ல, எந்திரிக்க வேண்டாம், தள்ளுனா போதும். காஞ்சிட்டு, சட்டையில ஒட்டாது. போஸ்டர்ல இருக்கது என் வீட்டுக்காரி. கிருஷ்ணவேணி. டிசைன் நான் போட்டது. சொல்லப்போனா அவளே போட்டது.

ராஜபாளையம் பஸ்ஸுக்கா நிக்கீங்க? இப்பதான் ஒண்ணு போச்சு. அடுத்தது அவன் டீ குடிச்சு முடிச்சாத்தான் எடுப்பான். உக்காருங்க.

இதுவா? மைதா பசை. ஒட்டத்தான் வந்தேன். வெயில் ஏறுததுக்கு முன்னாலயே வந்துட்டேன். ஒட்டணும்.

நல்லாப் பாருங்க. படத்துக்கு இடது பக்கம் தோற்றம்னு போட்டு தேதி இருக்கா? வலது பக்கம் மறைவுன்னு போட்டு தேதி இருக்கணும். இல்லல்லா? வெறும் ஊதா மட்டும் இருக்கு. ஊர் பூரா இப்பிடித்தான் ஒட்டிக் கிடக்கு. தேரடி, மார்க்கெட்டு, மேல ரதவீதி, எல்லா இடத்துலயும். பொறந்த தேதி இருக்கு, போன தேதி இல்ல. டீக்கடைக்காரன் போன் போட்டுக் கேக்கான், "அண்ணாச்சி, மறைவு விட்டுப்போச்சே, பாத்தீங்களா"ன்னு. பாத்தேன்னுட்டேன். என் மச்சினன் நெல்லையப்பன், வேணிக்கு நேரே இளையவன், அவன் காலையிலயே வந்து வாசல்ல நின்னு கத்துதான். "எங்க அக்கா செத்த தேதி கூடவாய்யா உமக்கு ஞாபகம் இல்ல? ஊர் சிரிக்கி. சாயங்காலத்துக்குள்ள துண்டு அடிச்சு ஒட்டும். ஒட்டலைன்னா நாளைக்குத் திதிக்கு எங்க வீட்டுல இருந்து ஒரு ஈ காக்கா வராது." கோவக்காரன். சரின்னேன். அடிச்சேன். பையில இருக்கு பாருங்க, நீள நீளமா. மறைவு, தேதி. ஒரே வரி. இதை அந்த ஊதா மேல ஒட்டிட்டா முடிஞ்சுது.

என் தப்பு கிடையாது தம்பி. கம்ப்யூட்டர் பண்ண வேலை. உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியும்லா? பையைப் பாத்தா தெரியுது. அப்ப உங்களுக்கு வெளங்கும். மச்சினனுக்குச் சொன்னா வெளங்காது, அவனுக்கு உரக்கடை.

எங்க கடையில அச்சுப்பிழை வந்ததே கிடையாது. வேணி கிராபிக்ஸ்னு கேட்டுப் பாருங்க. சடங்கு, காதுகுத்து, கல்யாணம், அஞ்சலி, எல்லாம் அடிப்போம். வேற கடையில பொண்ணு பேரை மாப்பிள்ளை பேருன்னு போட்டு அடிவாங்கியிருக்கான். எங்களுக்கு அந்தப் பேச்சே வந்தது கிடையாது. ஏன்னா நாங்க பிழை பாக்க விதம் அப்பிடி. நான் அடிச்சதை வச்சுக்கிட்டு முன்னால உக்காந்து சத்தமா படிப்பேன். அவ உள்ள ரூம்ல பார்ட்டி எழுதிக் குடுத்ததை வச்சுக்கிட்டு வரிக்கு வரி ம் சொல்லுவா. அவ்வளவுதான். ம். படிச்சது சரின்னா ம். தப்புன்னா ம் வராது. வரலைன்னா நான் அந்த வரியில நின்னுருவேன். நீங்க சிரிக்கீங்க. வேற எப்பிடிப் பாத்தாலும் ஒரு எழுத்து தப்பிச்சிரும் தம்பி, ம் சொல்ல ஆள் இருந்தா தப்பிக்காது.

அஞ்சலி போஸ்டருக்கு ஊர்ல பாதிப் பேருக்கு எங்க டிசைன்தான். வேணி போட்ட டிசைன். மேல ரெண்டு விளக்கு, நடுவுல படம், பின்னால இந்த ஊதா. சில பேரு மலர்வு, உதிர்வுன்னு போடச் சொல்லுவான். அவளுக்குப் பிடிக்காது. "வாழ்நாள் பூரா பீடி குடிச்ச மனுசன், அவரு போயி மலர்ந்தாராக்கும், உதிர்ந்தாராக்கும்"ம்பா. தோற்றம், மறைவு. அதுதான் கணக்கு. தோற்றம் இடது, மறைவு வலது. வந்தாங்க, போனாங்க.

அவளும் அப்பிடித்தான் போனா. வயித்துவலின்னா. நடந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனா, ஆட்டோ கூட வேண்டாம்னுட்டா. திரும்பி வரும்போது ஆம்புலன்ஸ்ல கொண்டாந்தோம். எனக்கு அழுகை வரல. ஆஸ்பத்திரியில வரல, வீட்டுலயும் வரல. வராததை வா வான்னு கூப்பிட முடியுமா? எல்லாரும் என் முகத்தையே பாக்காங்க. சரின்னு எந்திரிச்சுக் கடைக்குப் போயிட்டேன். கடைன்னா வீட்டோட முன்பக்கம்தான். உக்காந்து அவளுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போட்டேன். அவ டிசைன்லதான். படத்தை மாத்தணும், பேரை மாத்தணும், தேதியை மாத்தணும், வேற வேலை இல்ல. பேர் வச்சு சேமிச்சேன். வேணி அஞ்சலி.

அங்கனதான் மகளுக்குக் கோவம். ஆவுடைன்னு ஒரே பொண்ணு. காலேஜ் கடைசி வருஷம். நடு வீட்டுல இருந்து வந்து நின்னா. "அம்மாவை உள்ள போட்டுட்டு இங்க கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கீங்களே அப்பா"ன்னா. வேற யாரு போடுவா? எதுத்த கடையிலயா போயிக் குடுக்க முடியும்? சொன்னேன், இதைத்தான் சொன்னேன். அவ என்னையும் பாத்தா, ஸ்கிரீனையும் பாத்தா. அப்ப நான் மறைவு தேதியை அடிச்சிட்டு இருந்தேன். போயிட்டா.

அன்னையில இருந்து என்கூடப் பேச்சு கிடையாது. கேட்டா ம்ம்பா. சாப்பிட்டியான்னா ம். ஃபீஸ் கட்டியாச்சான்னா ம். சோறு ஆக்கி மூடி வச்சிருவா, நான் எடுத்துப் போட்டுச் சாப்பிட்டுக்கிடுவேன். இந்தக் காலத்துப் பிள்ளைக அப்பிடித்தான் தம்பி, எந்நேரமும் செல்லு. நான் அதைப் பெருசா எடுத்துக்கல.

விஷயத்துக்கு வாரேன். கடையில ரெண்டு கம்ப்யூட்டர். முன்னால ஒண்ணு என்னது. உள்ள ரூம்ல ஒண்ணு வேணியோடது. ஃபைல் எல்லாம் அவளோடதுலதான் இருக்கும், நான் என் கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்துக்கிடுவேன். முதலாம் ஆண்டு வருதேன்னு நினைவஞ்சலி போட உக்காந்தேன். வேணி அஞ்சலியைத் தொறந்து தலைப்பை மட்டும் மாத்துனா போதும். கிளிக் பண்ணேன். ஸ்கிரீன்ல ஒரு கட்டம் வருது. இந்த ஃபைலை வேணி திறந்து வைத்திருக்கிறார். இங்கிலீஷ்லதான் வந்துச்சு, அர்த்தம் அதுதான்.

படிச்சேன். ஓகே குடுத்தேன்.

பயமா? எதுக்குப் பயம்? அந்தப் புரோகிராமைப் போடும்போது உங்க பேர் என்னன்னு கேக்கும்லா, அவ கம்ப்யூட்டர்ல அவ பேரை அடிச்சிருக்கா. அந்தக் கம்ப்யூட்டர்ல எது தொறந்து இருந்தாலும் வேணின்னுதான் காட்டும். எனக்குத் தெரியாதா? மறுநாள் தொறந்தேன். வேணி திறந்து வைத்திருக்கிறார். ஓகே. அதுக்கு அடுத்த நாளும் அதே கட்டம். ஓகே. காலையில கடை தொறந்ததும் மொத வேலையா அதைத்தான் கிளிக் பண்ணிப் பாத்தேன் கொஞ்ச நாள். வரும். ஓகே குடுத்துட்டு வேற வேலையைப் பாப்பேன்.

திதி நெருங்கவும்தான் பீர் பாய்க்குப் போன் போட்டேன். பீர் முகம்மது, கம்ப்யூட்டர் சர்வீஸ் பாக்கவர். நல்ல மனுசன், கூப்பிட்டா எடுப்பார். "அண்ணாச்சி, காப்பியாத் தொறக்கவான்னு கீழ கேக்கும் பாருங்க, அதைக் குடுத்து வேலையை முடிங்க"ன்னாரு. எனக்குக் காப்பி வேண்டாம்னேன். ஏன்னு கேட்டார். வேண்டாம்னேன். "சரி, வைரஸா இருக்கும், ஸ்கேன் போடுங்க"ன்னாரு. போட்டேன்.

ஸ்கேன் ஓடுதப்பவே பீர் பாய் போன்ல ஒரு வித்தை சொல்லிக் குடுத்தார். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். டாஸ்க் மேனேஜர் தொறந்து, அதுக்குள்ள ரிசோர்ஸ் மானிட்டர்னு ஒண்ணு, அதுல தேடுத கட்டம் இருக்கு. ஃபைல் பேரை அதுல அடிச்சா, எந்தெந்தப் புரோகிராம் அந்த ஃபைலைப் பிடிச்சு வச்சிருக்குன்னு வரிசையாக் காட்டிரும். ஹேண்டிலாம் அதுக்குப் பேரு. "ஹேண்டில்னா பிடி அண்ணாச்சி. தூக்குச்சட்டிக்குப் பிடி இருக்குல்லா, அது மாதிரி. ஒரு புரோகிராம் ஃபைலைத் தொறந்தா அதோட பிடியைக் கையில வச்சிருக்கும். விடுத வரைக்கும் அடுத்தவன் மாத்த முடியாது." நல்லாச் சொன்னார்லா? என் கம்ப்யூட்டர்ல தேடுனேன். ஒண்ணும் வரல. "அங்க வராது, ஃபைல் எந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கோ அங்க போயித் தேடணும், உள்ள போங்க"ன்னாரு.

உள்ள ஆவுடை உக்காந்திருந்தா. அவ அம்மா நாற்காலியில, காலைத் தூக்கி மடிச்சு வச்சுக்கிட்டு. வேணியும் அப்பிடித்தான் உக்காருவா. நான் வாசல்ல நின்னு, "அம்மா ஃபைல் ஒண்ணு தொறக்க மாட்டேங்கு, எது பிடிச்சு வச்சிருக்குன்னு பாக்கணும்"னேன். அவ ஸ்கிரீனை மறைச்ச மாதிரி திரும்புனா. "ப்ராஜெக்ட் வேலை ஓடுது"ன்னா. ஒரு வருஷத்துல அதுதான் நீளமான பேச்சு. சரி, படிக்க பிள்ளையை ஏன் எழுப்பணும்னு வந்துட்டேன். அவகிட்டக் கேட்டா அவளுக்கு என்ன தெரியும்? அவ படிக்கது காமர்ஸ்.

மறுநாள் அவ காலேஜ் போனதும் போயி உக்காந்தேன். அந்த நாற்காலியில நான் உக்காந்து ஒரு வருஷம் இருக்கும். உயரம் சரியில்ல, அவ குள்ளம்லா. பேரை அடிச்சுத் தேடுனேன். மொதல்ல ஆன்டிவைரஸ் வந்து நிக்கி. இந்தக் கம்ப்யூட்டர்லயும் ஸ்கேன் ஓடுது போல. பீர் பாய் போன்ல சிரிச்சார். "கள்ளனைத் தேடப்போன போலீஸே பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கான், அவனை விடுங்க, கீழ பாருங்க"ன்னாரு. கீழ பாத்தா நம்ம டிசைன் புரோகிராம். வேற ஒண்ணும் இல்ல. வைரஸும் இல்ல, பேயும் இல்ல. டிசைன் புரோகிராம் வேணி அஞ்சலியைத் தொறந்து வச்சுக்கிட்டு, கீழ பட்டையில சின்னதா உக்காந்திருக்கு.

"யாரு தொறந்தாங்கன்னு காட்டுமா பாய்"ன்னேன். "புரோகிராமைத்தான் காட்டும் அண்ணாச்சி. யாரு எதுக்குத் தொறந்தாங்கன்னு வீட்டுல உள்ளவங்களைத்தான் கேக்கணும்"னாரு. வீட்டுல யாரு இருக்கா? நானும் அவளும்தான். நான் தொறக்கல. தானாத் தொறந்திருக்கும். கரண்ட் போயிட்டு வந்தா சில புரோகிராம் தானாத் தொறந்துக்கிடும். நம்ம ஊர்ல கரண்ட் போகாத நாள் உண்டா?

அந்தச் சின்னக் கட்டத்தைக் கிளிக் பண்ணி உள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கல. பீர் பாய் ப்ராசஸை முடிங்கன்னாரு, முடிச்சேன். சேமிக்காதது போயிரும், சம்மதமான்னு கேட்டுச்சு.

ஓகே குடுத்தேன்.

அங்க இருந்தே திரும்பத் தொறந்தேன். கட்டம் வரல. பேர் வரல. பட்டுன்னு தொறந்திட்டு. ஒரு மாதிரி இருந்துச்சு, என்னன்னு சொல்லத் தெரியல. பசி கூட இருக்கலாம். கண்ணீர் அஞ்சலின்னு இருந்ததை எடுத்துட்டு முதலாம் ஆண்டு நினைவஞ்சலின்னு போட்டேன். சேமிச்சேன். முன்னால வந்து ஒரு தாள் அடிச்சேன்.

இப்ப நல்லாக் கேளுங்க, இதுதான் முக்கியம். நான் பிழை பாக்காம அடிச்சேன்னு மச்சினன் சொல்லுதான். நான் பாத்தேன் தம்பி. சாயங்காலம், வெளக்குப் போட்டு, கண்ணாடி மாட்டிக்கிட்டு, வழக்கம் போல சத்தமாத்தான் படிச்சேன். ஆவுடை அப்பதான் காலேஜ்ல இருந்து வந்து உள்ள போனா. நாற்காலி கிரீச்சுங்க சத்தம் கேட்டுச்சு. ப்ராஜெக்ட் போச்சுன்னு கத்துவாளோன்னு பாத்தேன், கத்தல.

முதலாம் ஆண்டு நினைவஞ்சலி, அப்பிடின்னு படிச்சேன்.

உள்ள இருந்து ம்னு வந்துச்சு.

ஒரு வருஷமா ம் இல்லாமத்தான் படிக்கேன். ஒவ்வொரு வரிக்கும் நின்னு நின்னு, வராதுன்னு தெரிஞ்சு, அடுத்த வரிக்குப் போவேன். அன்னைக்கு வந்திட்டு. அவ குரலும் இவ குரலும் ஒண்ணு போலத்தான் இருக்கும், ம் சொன்னா வித்தியாசம் தெரியாது. தோற்றம், தேதின்னு படிச்சேன். ம். அடுத்து பேரைப் படிச்சேன். ம். கடை பேரு. ம். கடைசி வரி வரைக்கும் படிச்சேன். எல்லாத்துக்கும் ம் வந்துச்சு. ம் வந்தா சரின்னுதானே அர்த்தம்? இருவது வருஷத்துக்கு மேல எங்க கடையில அதுதான் சட்டம். அடிச்சேன். ஒட்டுத வேல்சாமிகிட்டக் குடுத்தேன், விடியக்காலம் ஊர் பூரா ஒட்டிட்டான்.

தோற்றம் படிச்சதும் மறைவு படிக்கணும்னு உமக்குத் தோணலையாய்யான்னு மச்சினன் கேக்கான். ஆயிரம் அஞ்சலி போட்டவன் நான். எனக்குத் தெரியாதா? தாள்ல இருந்தாப் படிச்சிருப்பேன். ப்ராசஸை முடிச்சப்ப அந்த வரி மட்டும் எங்கயோ விட்டுப்போச்சு. அப்பிடித்தான் இருக்கும். பீர் பாய்கிட்டக் கேட்டேன், ப்ராசஸை முடிச்சா ஒரே ஒரு வரி மட்டும் அழியுமான்னு. "அழியாது அண்ணாச்சி. யாராச்சும் அழிச்சு சேமிச்சு வச்சிருந்தாத்தான்"னார். அவருக்கும் எல்லாம் தெரியும்னு சொல்ல முடியாதுல்லா.

இன்னொண்ணு இருக்கு. இது கம்ப்யூட்டர் விஷயம் இல்ல, இருந்தாலும் சொல்லுதேன். மச்சினன் கத்திட்டுப் போனான்னேன்லா. அதுக்கு முன்னாலயே ஆவுடை கோயிலுக்குப் போறேன்னு தேரடிப் பக்கம் போயிட்டா. அங்க போஸ்டரைப் பாத்திருக்கா. திரும்பி வந்தவ நேரா என் முன்னால வந்து நின்னா. கண்ணெல்லாம் செவப்பு. நான் ப்ராஜெக்ட் விஷயம்தான் கேக்கப்போறான்னு இருந்தேன். "தேங்க்ஸ்ப்பா"ன்னா. எதுக்குன்னு கேக்கேன், அதுக்குள்ள உள்ள போயிட்டா. காப்பி போட்டுக் கொண்டாந்து கையில குடுத்தா. மூடி வைக்கல, கையில குடுத்தா. "மத்தியானம் சீக்கிரம் கடையை விட்டு உள்ள வந்துருங்கப்பா, தோசைக்கு அரைச்சது இருக்கு, சேந்து சாப்பிடலாம்"ன்னா. அம்மாவைப் பத்தி ஏதோ சொல்ல வந்தா, சொல்லல. என் தோள்ல ஒரு தூசி இருந்துச்சு போல, தட்டிவிட்டா.

எதுக்குத் தேங்க்ஸ்னு இன்னும் தெரியல. நான் ஒண்ணும் செய்யலையே. அவ வேலையை அழிச்சவன் நான்.

அப்புறம்தான் மச்சினன் வந்து கத்துனது. அவ உள்ள நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா. நான் சரின்னு சொன்னதும் அவளுக்குக் கேட்டிருக்கும். துண்டு அடிச்சேன், பசை காய்ச்சினேன், அடுப்படியில அவ பக்கத்துலதான் நின்னா. கிண்டுத கரண்டியை எடுத்துக் குடுத்தா. ஒரு வார்த்தை பேசல. ஆனா அது பழைய பேசாம இருக்கது மாதிரி இல்ல. என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. கிளம்பும்போது "வந்துருவீங்கல்லாப்பா"ன்னா.

வந்தேன். வாளியை வச்சேன். மொதத் துண்டை எடுத்தேன். இந்தப் போஸ்டர்ல இருந்து ஆரம்பிச்சு அப்பிடியே தேரடி வரைக்கும் போயிரலாம்னு நினைச்சேன். எடுத்த துண்டைத் திரும்பப் பைக்குள்ள வச்சேன். இந்தா, வெயில் இம்புட்டு ஏறிப்போச்சு. கை வர மாட்டேங்கு. மைதா காஞ்சா கட்டி கட்டி ஆயிரும், அப்புறம் ஒட்டாது.

தம்பி, ஒரு உதவி செய்வீங்களா? பஸ் எடுக்கதுக்குள்ள முடிஞ்சிரும். நான் இந்தப் போஸ்டரைப் படிக்கேன். நீங்க வரிக்கு வரி ம் சொல்லணும். தப்பு இருந்தா ம் சொல்லாதீங்க, நான் நின்னுருதேன். நின்னா ஒட்டிருவேன். அவ்வளவுதான் வேலை. என்ன, சரியா?

முதலாம் ஆண்டு நினைவஞ்சலி.

ஆ, அப்பிடித்தான். கொஞ்சம் சத்தமா சொன்னாலும் பரவால்ல.

தோற்றம். பதினாலு, அஞ்சு, எழுவத்தாறு.

சரி.

திருமதி கிருஷ்ணவேணி.

என்ன தம்பி, யோசிக்கீங்க? நான் படிச்சது தப்பா? பேர் அதுதானே போட்டிருக்கு? அவசரம் இல்ல, பாத்துச் சொல்லுங்க.

ம். சரி.

உரிமையாளர், வேணி கிராபிக்ஸ்.

என்றும் உங்கள் நினைவில் வாடும் கணவர் குற்றாலம், மகள் ஆவுடை.

முடிஞ்சுது. எல்லாத்துக்கும் ம் சொல்லிட்டீங்க. ஒரு இடத்துலயும் நிப்பாட்டல. அப்ப சரியாத்தான் இருக்கு.

அந்தா உங்க பஸ், டிரைவர் ஏறிட்டான். ஓடுங்க தம்பி, அப்புறம் சீட்டு கிடைக்காது. நான் இந்தப் பசையைச் சாக்கடையில ஊத்திட்டு வாளியைக் கழுவிட்டுப் போறேன். மக சாப்பிட வரச் சொல்லியிருக்கா.